இருபத்தெட்டுக்கு ஒன்றரை

கஞ்சத்தனத்துக்கும் கொள்கைக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் நான். 2017 ஆகஸ்டில் நெதர்லாந்திலிருந்து ஒரு சைக்கிளை ஊருக்குக் கொண்டுவந்தபோது, அது கொள்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்ஸி கிடையாது, ஆட்டோ கிடையாது, கூரியர் கிடையாது. ரயில், விமானம், மறுபடி ரயில், கடைசியில் டவுன் பஸ். டெல்ஃப்ட் நகரத்திலிருந்து சுவாமிமலை வரை பொதுப் போக்குவரத்திலேயே வந்து சேருவது என்று சபதம். யாரிடம் சபதம் செய்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

டெல்ஃப்ட்டில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அந்த நாட்டில் மனிதர்களைவிட சைக்கிள்கள் அதிகம்; அப்போது 1.7 கோடி பேருக்கு இரண்டு கோடிக்கு மேல் வண்டிகள். மந்திரியும் சைக்கிளில் போவார், மாவு மூட்டையும் சைக்கிளில் போகும். போய்ச் சேர்ந்த வாரமே 90 யூரோவுக்கு ஒரு பழைய வண்டி வாங்கினேன். கறுப்பு நிறம், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஹேண்டில்பார், முழு செயின் கவர், ஸ்பிரிங் வைத்த அகலமான சீட்டு, ஆள் உட்கார்ந்தாலும் தாங்குகிற கேரியர். 'ஓபாஃபீட்ஸ்' என்பார்கள். ஓபா என்றால் தாத்தா. தாத்தா சைக்கிள். பிரேக் லீவர் கிடையாது; பெடலைப் பின்னால் மிதித்தால் வண்டி நிற்கும். முதல் நாள் பழக்கதோஷத்தில் பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு, நடுரோட்டில் குதித்து நின்றேன்.

ஆனால் ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. ஏதோ ஏற்கெனவே ஓட்டிய வண்டி மாதிரி இருந்தது. இருக்காதா பின்னே? சின்ன வயதில் அப்பாவின் ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் அடித்து, முட்டி பெயர்ந்து பழகியவன்தானே என்று அதோடு விட்டுவிட்டேன். அங்கேயே இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஊர் திரும்புவது என்று முடிவானதும், அறையில் இருந்த எல்லாவற்றையும் கொடுக்க மனம் வந்தது. சைக்கிளைக் கொடுக்க வரவில்லை. நண்பர்கள் சொன்னார்கள், கொண்டுபோகிற செலவுக்கு இந்தியாவில் இரண்டு புது சைக்கிள் வாங்கலாம் என்று. சொன்னதாலேயே பிடிவாதம் கூடியது.

சைக்கிள் கடைகளுக்குப் புது வண்டிகள் பெரிய அட்டைப்பெட்டியில் வரும். காலிப் பெட்டியைக் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். ஒன்று வாங்கிவந்தேன். முன்சக்கரத்தைக் கழற்றினேன், ஹேண்டிலைத் திருப்பினேன், காற்றை இறக்கினேன். வலது பெடல் சுலபமாக வந்தது. இடது பெடல் அசையவில்லை. அரை மணி நேரம் ஸ்பானரின் மேல் ஏறி நிற்காத குறை. அந்த வழியே நாயோடு போன ஒரு கிழவி நின்று பார்த்துவிட்டு, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். எதிர்ப்பக்கம் திருப்பு என்று அர்த்தம். இடது பெடலின் மரை தலைகீழ்; மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி. நான் அரை மணி நேரமாக அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பொறியியல் படித்தவன் என்று அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

விமானத்தில் ஒரு உருப்படிக்கு 23 கிலோ. பெட்டி 26 காட்டியது. சீட்டையும் பூட்டையும் கழற்றி சூட்கேஸில் வைத்தேன். இப்போது சூட்கேஸ் கூடிவிட்டது. அதிலிருந்து எதை எடுப்பது? தங்கை பிள்ளைகளுக்கு வாங்கிய சாக்லேட், அம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சால்வை, அப்பாவுக்கு வாங்கிய நல்ல தோல் செருப்பு மூன்றையும் எடுத்துப் பக்கத்து அறைக்காரனுக்குக் கொடுத்தேன். செருப்பு அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்பானர் மட்டும் கைப்பையில் இருக்கட்டும், இறங்கியதும் தேவைப்படும் என்று முன்யோசனையாக வைத்துக்கொண்டேன்.

அந்த ஊர் ரயிலில் சைக்கிளை ஏற்றலாம், அதற்குத் தனியாக டிக்கெட் உண்டு. வேலை நாட்களில் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரையிலும், மாலை நான்கிலிருந்து ஆறரை வரையிலும் மட்டும் கூடாது. பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டால் அது சைக்கிளே இல்லை, வெறும் சாமான், டிக்கெட்டும் வேண்டாம். இந்தக் கணக்கில் சில யூரோ மிச்சம் என்று எனக்கு ஒரே குஷி. டெல்ஃப்ட் ஸ்டேஷனில் ரயில் பூமிக்கடியில் ஓடும். லிஃப்டில் பெட்டியைக் குறுக்காக நிறுத்தி, அதன் மேல் நான் சாய்ந்துகொண்டால்தான் கதவு மூடியது. லெய்டனில் வண்டி மாறி, ஸ்கிப்ஹோல் விமான நிலையத்துக்கு நேர் கீழேயே போய் இறங்கியாயிற்று.

அங்கேதான் முதல் அடி. எடை சரியாக இருந்தாலும் நீள அகல உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டுமாம். என் பெட்டியின் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவு. சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் 110 யூரோ. 90 யூரோ வண்டிக்கு. கவுண்டர் பெண், கட்டுகிறீர்களா என்று கேட்டாள். பின்னால் வரிசை நின்றது. கட்டினேன். இரண்டாவது அடி பாதுகாப்புச் சோதனையில். ஸ்பானர் குப்பைத்தொட்டிக்குப் போனது. அரை அடி நீள இரும்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏற நினைத்தவனை அவர்கள் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தார்கள்.

வளைகுடாவில் இறங்கி மாறி, சென்னையில் அதிகாலை. பெட்டி ஒரு மூலை நசுங்கி வந்து சேர்ந்தது. சுங்கத்தில் நிறுத்தினார்கள். பழைய சைக்கிள் சார் என்றேன். ஸ்கேனில் சக்கரம் சக்கரமாகத் தெரிந்ததும் அந்த அதிகாரி பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஏன் சார், அங்கேர்ந்து எல்லாரும் டிவி, லேப்டாப்னு கொண்டு வர்றாங்க..." மிச்சத்தை அவர் சொல்லவில்லை. அப்போதைய விதிப்படி 50,000 ரூபாய் வரை தீர்வை கிடையாது. என் பெட்டிக்குள் இருந்தது அதன் பக்கத்தில்கூட வராது. போங்க என்று கையைக் காட்டிவிட்டார்.

கும்பகோணம் போகும் சோழன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்திலும் நிற்கும். ஆனால் பிரேக் வேனில் சாமான் போட வேண்டுமானால் புறப்படும் இடத்தில் நிதானமாகப் போடுவதுதான் சரி என்று, திரிசூலத்திலிருந்து எதிர்த்திசையில் எழும்பூருக்கு மின்சார ரயில் ஏறினேன். வெண்டர் பெட்டி. பூக்கூடைகளுக்கு நடுவில் என் அட்டைப்பெட்டி. ஒரு அம்மா அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்து, கோடம்பாக்கம் வரும்வரை பூக்கட்டிக்கொண்டே வந்தார். இந்தப் பயணத்திலேயே அந்தப் பெட்டியால் ஒருவருக்குப் பிரயோஜனம் இருந்தது அப்போதுதான்.

எழும்பூரில் லக்கேஜ் புக்கிங். பெட்டிக்குள் நம்மோடு கொண்டுபோகும் சாமான் 100-க்கு 60-க்கு 25 சென்டிமீட்டர் அளவுக்குள் இருக்க வேண்டும். இது அதைத் தாண்டும், வேனில்தான் போக வேண்டும். சைக்கிளென்றால் இலவச எடைக் கணக்கிலும் சேராது. இதெல்லாம் கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். மார்க்கர் பேனாவால் அட்டையின் மேல் எம்எஸ், கோடு, கேஎம்யூ என்று பெரிதாக எழுதினேன். எழும்பூர், கும்பகோணம். எழுதும்போது ஒரு பெருமை. டெல்ஃப்ட் கடைக்காரரின் முத்திரைக்குப் பக்கத்தில் கேஎம்யூ!

பெருமை செங்கல்பட்டு வரைதான். பெட்டி உண்மையிலேயே ஏறியதா என்று சந்தேகம் வந்துவிட்டது. அங்கே இறங்கிக் கடைசி வேன் வரை ஓடிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. விழுப்புரத்தில் ஓடினேன். சிதம்பரத்தில் ஓடினேன். மயிலாடுதுறையில் ஓடித் திரும்பும்போது வண்டி நகர்ந்துவிட்டது. வேறு பெட்டியில் தொற்றி, நான்கு பெட்டி உள்ளுக்குள்ளேயே நடந்து என் இடத்துக்கு வந்தேன். எதிர் சீட்டுப் பெரியவர், "வயித்துக்குச் சரியில்லையா தம்பி?" என்று கேட்டுவிட்டு ஒரு பொட்டலம் ஓமம் நீட்டினார். மறுக்க முடியவில்லை. தின்றேன்.

கும்பகோணத்தில் மத்தியானம் பெட்டி பத்திரமாக இறங்கியது. இனி எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ் கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இது பஸ்ஸு." அவ்வளவுதான் சொன்னார். அந்தக் காலத்தில் பஸ் கூரையில் கேரியர் இருக்கும், ஏணி இருக்கும், வாழைத்தார் முதல் ஆட்டுக்குட்டி வரை ஏறும். இப்போது கூரை மொழுக்கென்று இருக்கிறது. அடுத்த பஸ்ஸும் அதே கதை. மூன்றாவது பஸ் நிற்கவேயில்லை. ஒரு லோடு ஆட்டோக்காரர் 400 ரூபாய் கேட்டார். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொள்கையோடு வந்தவன் எட்டு கிலோமீட்டருக்கு விட்டுக்கொடுப்பதா?

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"பொட்டிக்குள்ள என்னாங்க?"

"சைக்கிள்."

"ரிப்பேரா?"

"இல்ல, நல்லாத்தான் ஓடும்."

அவர் டீயை என் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயக்கத்தோடு, புத்தி சுவாதீனம் இல்லாதவரிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார். "அப்ப அதுலயே ஏறிப் போயிடலாமே?"

சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. நான்கு வருடம் தினமும் ஓட்டிய வண்டி. பெட்டியில் போட்ட நிமிஷத்திலிருந்து அது என் மனதில் சுமையாகிவிட்டது. ஆனால் பூட்டுவதற்கு ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் ஸ்கிப்ஹோல் குப்பைத்தொட்டியில்.

பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பாய் சைக்கிள் கடை. சின்ன வயதில் அப்பாவோடு போன கடை. பெட்டியை ஒரு மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏற்றி, 60 ரூபாய் கொடுத்துப் போனேன். சைக்கிளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன் என்று அந்தத் தெரு என்னை நினைவு வைத்திருக்கக்கூடும்.

பாய்க்குத் தாடி முழுதும் வெளுத்திருந்தது. பெட்டியைக் கத்தியால் கிழித்து வண்டியை வெளியே எடுத்தார். ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். முன்சக்கரத்தைத் தூக்கி, டயரின் பக்கவாட்டில் எச்சில் தொட்ட கட்டைவிரலால் அழுக்கைத் தேய்த்தார். எழுத்துத் தெரிந்தது. 40-635. அதன் பக்கத்தில் 28, பெருக்கல் குறி, ஒன்றரை.

"இருபத்தெட்டுக்கு ஒன்றரை" என்றார். கடைக்குள்ளே திரும்பி, சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு டயரை எடுத்துவந்து அதன் மேல் வைத்தார். நம்மூர் டயர், பழைய ரோட்ஸ்டர் வண்டிகளுக்குப் போடுவது. வட்டத்தின் மேல் வட்டம் கச்சிதமாக உட்கார்ந்தது.

"வெளிநாட்டு வண்டின்னியே தம்பி."

அப்புறம் வால்வு மூடியைத் திருகினார். உலகத்தில் பல இடங்களில் கார் டயர் மாதிரி வால்வு வந்துவிட்டது. நெதர்லாந்தில் இன்னும் பழைய டன்லப் வால்வுதான். நம்மூர் வால்டியூப் வைக்கிற அதே வால்வு. பாய் தன் பம்பை மாட்டி நாலு அடி அடித்தார், ஏறியது. செயின் கவரைத் தட்டிப் பார்த்தார். சீட்டு ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தார். இந்த வண்டி, நம்மூர் ஹெர்குலிஸ் இரண்டுமே இங்கிலீஷ்காரன் வண்டியிலிருந்து வந்த ஜாதி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டச்சுக்காரன் அதைப் பார்த்துத் தன் ஊரில் செய்துகொண்டான். பர்மிங்ஹாமில் பிறந்த ஹெர்குலிஸுக்கு, 1949-ல் தொடங்கிய கம்பெனி அம்பத்தூரில் பட்டறை போட்டது. பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும். அவர்கள் அதைத் தாத்தா வண்டி என்று கொண்டாடுகிறார்கள். நாம்...

பாய் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சுவாமிமலை சொசைட்டி சார் மவன்தானே நீ?"

"ஆமா பாய்."

"அதான பாத்தேன். சாரு வண்டியும் இதேதான். கைப்பிடி வளைவு மட்டும் வேற. பொங்கலுக்கு முந்தின வாரம் ஓவராயிலுக்குக் கொண்டாந்து விடுவாங்க, வருஷம் தவறாம. நாலு வருஷமா ஆளக் காணோம். வண்டி எப்படி இருக்கு?"

டயர் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு பையன் எதிர்த் திண்ணையில் பஞ்சர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2013-ல் டெல்ஃப்ட் கிளம்புவதற்கு முந்தின வாரம். வீட்டை ஒழுங்கு பண்ணிவிட்டுப் போகலாம் என்று எனக்கு ஒரு வேகம். பக்கச் சந்தில் ஹெர்குலிஸ் நின்றது. அப்பாவுக்கு அப்போது 67 வயது. இந்த வயதில் இவருக்கு எதற்கு சைக்கிள், ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தால் கௌரவமாகப் போய்வருவார் என்று நானே முடிவு செய்து, ஸ்கூட்டரும் வாங்கி நிறுத்திவிட்டேன். சைக்கிள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. தெருவில் பழைய இரும்புக்காரர் கத்திக்கொண்டு போனார். கூப்பிட்டேன். 450 ரூபாய். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து சந்தைப் பார்த்தார். "போட்டுட்டியா" என்றார். "ஆமாப்பா, எடம் அடச்சுக்கிட்டு." "சரி" என்றார். கால் அலம்பப் போய்விட்டார். அந்த 450 ரூபாயை நான் அவரிடம் கொடுத்தேனா என்பதுகூட இன்றைக்கு நினைவில்லை.

"இரும்புக்குப் போட்டாச்சு பாய்."

"யாரு, சாரா?"

"நான்தான்."

பாய் ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்தைப் பூட்டி, சுழற்றிவிட்டு, கோட்டம் பார்த்தார். ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒன்றைக் கால் திருகு, இன்னொன்றை அரைத் திருகு. சக்கரம் ஆட்டமில்லாமல் நேராகச் சுற்றுகிற வரை அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு, சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடசியா வந்தப்பதான் பின்சக்கரத்துக்கு முழுசா புது ஸ்போக்ஸ் போட்டு விட்டேன்."

கூலியாக 80 ரூபாய் வாங்கிக்கொண்டார். மேலே கொடுத்ததைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டார்.

சூட்கேஸைக் கேரியரில் சணல் கயிற்றால் கட்டி மிதித்தேன். மண்டை கனத்திருந்தாலும் வண்டி சுகமாகத்தான் போனது. வெயில் சாய்ந்திருந்தது. அப்பா 31 வருடம் இந்த எட்டு கிலோமீட்டரை ஆபீசுக்குப் போகவும் வரவும் மிதித்தவர். டெல்ஃப்ட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போதெல்லாம், வெளியில போய்ட்டு வாங்கப்பா, வீட்டுக்குள்ளேயே கெடக்காதீங்க என்று உபதேசம் பண்ணுவேன். "வெயிலா இருக்குடா" என்பார். மார்கழியில் கேட்டாலும் அதே பதில். நான்கு மார்கழி. எனக்கு ஒரு தடவைகூட உறைத்ததில்லை.

வீட்டு வாசலில் அப்பா திண்ணையில் இருந்தார். அம்மா வெளியே வந்து, வேர்வையில் குளித்து நின்ற என்னையும் வண்டியையும் பார்த்து, "ஏர்ப்போர்ட்லேர்ந்து இதுலயா வர்ற?" என்றாள். அப்பா எழுந்து வந்தார். என்னை விசாரிக்கவில்லை. குனிந்து முன்டயரை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இருபத்தெட்டுக்கு ஒன்றரை. காத்து பத்தாது" என்றார்.

உள்ளே போனார். ரேழிக் கதவுக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு பம்பை எடுத்துக்கொண்டு வந்தார். பித்தளை உடம்பு, மரக்கட்டைக் கைப்பிடி. ஹெர்குலிஸோடு இருந்த பம்பு. இரும்புக்காரர் வந்த அன்று அது உள்ளே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. நான்கு வருடம் சும்மா கிடந்த பம்பின் வாஷர் காய்ந்து சுருங்கிப்போயிருக்க வேண்டும். அடித்தார், முதல் அடியிலேயே காற்று பிடித்தது. வாஷருக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறார். ஒரு வருடம் இல்லை, நான்கு வருடமும்.

நான் அவர் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பின் அடியை மிதித்திருந்த அந்தக் கால்களில் தேய்ந்த ரப்பர் செருப்பு.

ராத்திரி அம்மா சாதம் போடும்போது சொன்னாள். "ஸ்கூட்டர் அவருக்குப் பயம்டா. ஒருநாள் எடுத்தார், தெருமுனைலேயே வெச்சுட்டு வந்துட்டார். பஸ்ஸுல படி உசரம், முட்டி மடங்க மாட்டேங்குது. சைக்கிள்னா முட்டி வலிக்காதுன்னுவார்." அவ்வளவுதான். குற்றம் சாட்டுகிற தொனியெல்லாம் இல்லை. ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தெருவில் இறக்கினார். நான் பின்னாலேயே போனேன். டச்சு வண்டி 24 இஞ்ச் சட்டம். அப்பா ஐந்தடி மூன்று அங்குலம். அதைக்கூடச் சமாளித்திருப்பார். அவர் ஏறும் முறை ஒன்று உண்டு. இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் இரண்டு உந்து உந்தி, பாதத்தால் பெடலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மேலே கொண்டுவந்து, அதில் எழும்பிக் காலைப் போடுவார். 50 வருடப் பழக்கம். பெடலைப் பின்னால் தள்ளினார். வண்டி படக்கென்று நின்றுவிட்டது. அவர் ஹேண்டிலோடு முன்னால் சாய, நான் பிடித்துக்கொண்டேன். தோள் இவ்வளவு மெலிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"பழகாத மாடு மாதிரில்ல நிக்குது" என்று சிரித்தார். வண்டியை ஸ்டாண்டு போட்டு, மட்கார்டைத் துண்டால் துடைத்தார். அதற்கப்புறம் அவர் அதில் ஏறவில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பார், மாதம் ஒருமுறை காற்றடிப்பார்.

கணக்குப் பார்த்தேன். வண்டி 90 யூரோ, விமானம் 110 யூரோ, ரயில், ட்ரை சைக்கிள், பாய் எல்லாம் சேர்த்து அன்றைய விலைக்குப் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. வந்த வரவு 450. நான்கு வருடத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

பழைய ஹெர்குலிஸ் ஒன்றுக்குப் பாயிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவரும் தேடுகிறார். கிடைப்பதெல்லாம் துருப்பிடித்த சட்டம், இல்லாவிட்டால் சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் சொல்கிற யானை விலை. எனக்கு வேண்டியது 22 இஞ்ச் ஹெர்குலிஸ், ஃப்ரீவீல் வைத்தது, பெடலைப் பின்னால் சுற்றினால் கிரிச்சென்று சுற்ற வேண்டும். உங்கள் வீட்டுச் சந்திலோ கொல்லையிலோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால், இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் முதலில் வீட்டுப் பெரியவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள். நானே வந்து, ஓட்டிக்கொண்டு போகிறேன். டயர், டியூப், பம்பு மூன்றும் தயாராக இருக்கின்றன.